மாண்பு ஊர்வலம்

பரணியின் மேளக்குழு ஐரோப்பா போகப்போகிறது என்று தெரிந்ததும், "அப்டின்னா ராஜகீழ்ப்பாக்கத்துல கொஞ்ச நாளைக்கு ஒருத்தரும் சாவக் கூடாதுன்னு ஆட்டோல மைக் கட்டி சொல்லிடலாமா மச்சான்?" என்று கேட்டான் ஏசுபாதம்.

கேட்டதில் நியாயம் இருந்தது. சேலையூர் தொடங்கி மேடவாக்கம் வரைக்கும் அந்தச் சாலையோரத்தில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும், உறவினருக்குச் சொல்வதற்கு முன்னால் பரணிக்குத்தான் சொல்வார்கள். மற்ற நேரங்களில் அவன் ஏசி மெக்கானிக். ஏசுபாதம் பெயிண்டர். கனகவல்லி பெண்கள் விடுதி ஒன்றில் சமையல். சுகுமார் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். சாவு என்று போன் வந்தால் நால்வரும் போட்டது போட்டபடி தப்பு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏசுபாதத்தின் தங்கை ஜாஸ்மினைத்தான் பரணி கட்டியிருந்தான். ஆகவே 'மச்சான்' என்று இருவரும் கூப்பிட்டுக்கொண்டது வெறும் பேச்சுக்கு இல்லை.

இவர்களைக் கண்டுபிடித்தது உலக நாட்டுப்புற மாண்புப் பேரவை. கேம்ப் ரோட்டில் ஓர் இனிப்புக் கடையின் மாடியில் அதன் தலைமையகம் இருந்தது. பேரவை பாதி அரசு, பாதி தனியார். செலவு செய்யும்போது அரசு; கேள்வி கேட்டால் தனியார். அதன் தலைவர் பொன்னாடையோடுதான் வெளியே வருவார். வாங்கி வந்து போர்த்தும் சிரமத்தைப் பிறருக்குக் கொடுக்க அவர் விரும்பியதில்லை.

தேர்வு நாளில் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உங்களுக்கு எது நன்றாக வரும்?" என்று கேட்டார்.

"சாவு மோளம் சார்," என்றான் பரணி. குச்சி தோலில் படுவதற்குள் தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பின்னால் இருந்த அலுவலர்களும் பொத்திக்கொண்டார்கள். பரணி குச்சியைக் கீழே வைக்கும்வரை ஒருவரும் கையை எடுக்கவில்லை.

"அபசகுனம்," என்றார் தலைவர். "தம்பி, பேரவை ஏற்றுமதி செய்வது மகிழ்ச்சி. நம் மக்கள் சாவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் அதைக் காட்டிக்கொள்வதில்லை என்பது நமது கொள்கை. அறுவடை அடி அடியுங்கள்."

"எங்க ஏரியால கடைசியா அறுத்தது கேபிள் ஒயருதான் சார்," என்று சுகுமார் உண்மையைச் சொன்னான். பரணி அவன் காலை மிதித்துவிட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு அடிப்பதைக் கொஞ்சம் மாற்றி அடித்தான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, புது நெல்லின் வாசனை வருகிறது என்றார். கீழே கடையில் மைசூர்பாகு கிளறிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு விதிமுறைகளைப் படித்தார்கள். கலைஞர்கள் கைக்கடிகாரம் கட்டக் கூடாது. ஆங்கில வார்த்தை பேசக் கூடாது. தலைப்பாகை கட்டாயம். கேமராவைக் கண்டால் வெகுளியாகச் சிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் பயிற்சி உண்டு. எல்லாம் முடிந்து தலைவர் ஏசுபாதத்தைப் பார்த்தார்.

"இவர் கண்ணாடி போட்டிருக்கிறாரே?"

"பவர் சார். அது இல்லன்னா தெரியாது," என்றான் ஏசுபாதம்.

"நாட்டுப்புறக் கலைஞருக்குப் பார்வைக் குறைவு இருக்கலாம். கண்ணாடி இருக்கக் கூடாது. அது படித்தவர்களுக்கு வரும் குறைபாடு."

ஏசுபாதம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தைரியமாக இரண்டடி நடந்து கதவில் முட்டிக்கொண்டான். அவன் இடம் தலைவரின் மைத்துனருக்குப் போனது. அவருக்கு 'மாண்பு நோக்கர்' என்று பதவி. கலைஞர்களின் மாண்பு பயணத்தில் குறையாமல் பார்த்துக்கொள்வது வேலை.

"நீ இல்லாம நாங்க போவல," என்றான் பரணி, படியிறங்கும்போது.

"பேஜார் பண்ணாத மச்சான். ஏரோப்ளேன் நம்ம தல மேலதான் போய்க்கினு கீது, ஒரு நாளாவது உள்ள குந்தினு போய்ப் பாரு. இங்க ஒண்ணு ரெண்டு வந்தா நான் தனியா சமாளிச்சுக்கறேன்."

விமானத்தில் கலைஞர்கள் மூன்று பேர். அவர்களைக் கவனித்துக்கொள்ள அலுவலர்கள் பதினொரு பேர். இறங்கியதுமே ஒருங்கிணைப்பாளர் வினிதா மூவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டாள். சிட்லபாக்கத்துப் பெண், வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சேஃப்டிக்காகத்தான் மிஸ்டர் பரணி. தலைவர் ரூம் லாக்கர்ல இருக்கும்," என்றாள். அலுவலர்களின் பாஸ்போர்ட்டுக்கு அந்த ஆபத்து இல்லைபோலும், அவரவர் பையிலேயே இருந்தது.

அதன் பிறகு பஸ், ஊர், மேடை, மறுபடியும் பஸ். முன்வரிசைகளில் சூடு வந்தது, அங்கே அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூவரும், மடியில் தப்பும். அந்த ஊர் ஈரக் குளிரில் தோல் தொளதொளவென்று தொங்கிப்போனது. ஊரில் என்றால் நாலு காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சினால் போதும். ஹோட்டலில் சுகுமார் ஒரு செய்தித்தாளைப் பற்றவைத்ததற்கே கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, ஆறு மாடி மக்களும் தெருவில் போய் நின்றார்கள். அன்று முதல் குளியலறையில் முடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துத்தான் காய்ச்சினார்கள்.

முதல் ஊரில் தலைவர் பத்து நிமிடம் பேசினார், இவர்கள் அரை மணி நேரம் அடித்தார்கள். அடுத்த ஊரில் செயலரும் பேசினார். அதற்கடுத்த ஊரில் பொருளாளரும், மாண்பு நோக்கரும். பேசப் பேச அடிப்பதற்கு நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. பெல்ஜியத்தில் ஒரு சிறிய ஊருக்கு வந்து சேர்ந்தபோது, தலைவர் பேச எழுந்திருக்கும்போது ஒரு தட்டு, உட்காரும்போது ஒரு தட்டு என்று ஆகியிருந்தது. உள்ளூர்க்காரர்கள் தலைவரைத்தான் நாட்டுப்புறக் கலைஞர் என்று நினைத்துக்கொண்டு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவரும் மறுக்கவில்லை.

நிறைவு விழாவுக்குத் தலைவர் புதிதாக ஒன்றை யோசித்திருந்தார். அதன் பெயர் மாண்பு ஊர்வலம். அரங்கத்து வாசலிலிருந்து மாலை போட்டுக்கொண்டு தலைவர் நடந்து வருவார். மேளக்காரர்கள் முன்னே அடித்துக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் அலுவலர்கள் பூத் தூவுவார்கள். பார்வையாளர்களை ஒரு சுற்றுச் சுற்றி மேடையேறி, 'மகிழ்ச்சியின் மாண்பு' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் உரையாற்றுவார்.

விளக்கத்தைக் கேட்டுவிட்டு வந்த சுகுமார், "அண்ணா, மால போட்டு, பூ தூவிக்கினு, முன்னாடி மோளம்... இது இன்னான்னு அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டான். கனகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவர்கள் மூவரும் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை பரணி குளியலறையில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஜாஸ்மின் போன் செய்தாள். மெஷின் சத்தத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை. அதை நிறுத்தினான்.

"அண்ணன் போய்ட்ச்சுங்க," என்றாள். "காலைல பல்லு வெளக்கிக்கினு இருந்துச்சு. நெஞ்சப் புடிச்சுக்கினு அப்படியே உக்காந்துச்சு. ஆட்டோல ஏத்தறதுக்குள்ளயே..."

பரணி குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கறாங்க. பெரியண்ணன் சூரத்துலேர்ந்து வரணும். நீங்க வந்துருவீங்க இல்ல?"

"வரேன். வந்துர்றேன் ஜாஸ்மினு."

"ஊர்ல எல்லா சாவுக்கும் எங்கண்ணன் அடிச்சுது. அதுக்கு அடிக்க ஆளில்லாம பூடும்போலகீதேங்க."

வர முடியும். மத்தியான விமானத்தைப் பிடித்தால் விடிவதற்குள் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். பரணி ஈரக் காலோடு வினிதாவிடம் ஓடினான். வினிதா தலைவரிடம் ஓடினாள். தலைவர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். அலுவலர்கள் பதினொரு பேரும் சிற்றுண்டித் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். பரணி நின்றான்.

"முதலில் பேரவையின் சார்பாக ஆழ்ந்த இரங்கல்," என்றார் தலைவர். "இறந்தவர் பேரவைக்கு அறிமுகமானவர். அவரை நாம் அழைத்து வந்திருந்தால் இங்கே, நம் பொறுப்பில், இறந்திருப்பார். அதைத் தவிர்த்த நமது தேர்வுக் குழுவின் தொலைநோக்கை இந்த நேரத்தில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்."

அலுவலர்கள் நினைத்துப் பார்த்தார்கள். ஒருவர் வெண்ணெயைத் தடவியபடியே நினைத்துப் பார்த்தார்.

"சார், என் பாஸ்போர்ட்ட மட்டும் குட்த்துருங்க. டிக்கெட்டு நானே எட்த்துக்கறேன்."

"குழு விசா தம்பி. குழுவாக வந்தோம், குழுவாகப் போவோம். மூவரில் ஒருவர் குறைந்தால் மாண்பு ஊர்வலம் எப்படி நடக்கும்? என் உணர்ச்சியையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உங்களுக்காவது ஒரு மைத்துனர்தான் போனார். விழா நின்றால் எனக்குப் பேரவையே போய்விடும்."

"எங்க மச்சானுக்கு மோளம் அடிக்க ஆள் இல்ல சார்."

"அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிறைவு விழா முடியும்வரை யார் முகத்திலும் துக்கம் தெரியக் கூடாது. மரணம் நம் நிகழ்ச்சி நிரலில் இல்லை."

மாண்பு நோக்கர் மட்டும் ஒரு யோசனை சொன்னார்: ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கலாம். அதையும் நேரம் கருதி அரை நிமிடமாக்கினார்கள்.

பரணி தலைவரின் அறைக்கதவை உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். வராந்தாவில் அந்தக் கதவுக்கு எதிரே கையை இறுக்கி மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றான். மத்தியான விமானம் போயேபோய்விட்டது. கனகவல்லி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு இவரு ஊர்கோலம் எத்தினி மணிக்குடா?" என்று கேட்டாள்.

"பன்னண்டரைக்கு."

"அங்க?"

பரணி மனதுக்குள் கணக்குப் போட்டான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இங்கே பன்னிரண்டரை என்றால் அங்கே நான்கு மணி.

"அவருதான் காதப் பொத்திக்கினாரே," என்றாள் கனகவல்லி. "சாவு அடி எப்படி இருக்கும்னு அவருக்கு இன்னா தெரியும்? பாட்டு மட்டும் வேணாம். வார்த்த அவருக்குப் புரியும். அடி புரியாது."

மறுநாள் அரங்கத்து வாசலில் தலைவர் இரண்டு ரோஜா மாலைகளைச் சுமந்துகொண்டு நின்றார். பரணியின் இடுப்பில் போன். தலைப்பாகைக்குள், ஒரு காதில் இயர்போன். அந்தப் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்தில், பரணியின் அடி தெருவெல்லாம் கேட்கும்படி மைக்செட்காரர் ஜாஸ்மினின் போனைத் தன் வண்டி ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு, இயர்போனை அவள் காதில் மாட்டியிருந்தார். பாஸ்டரின் ஜெபம் முடிந்து அழுகைச் சத்தம் எழும்பியது பரணிக்குக் கேட்டது.

"தூக்கிட்டாங்க," என்றாள் ஜாஸ்மின்.

அரங்கக் கதவு திறந்தது. பரணி குச்சியை இறக்கினான்.

நிதானமாகத்தான் ஆரம்பிக்கும் அந்த அடி. நாலு பேர் தோள் மாற்றி நடக்கும் நடைக்கு ஏற்ற அடி. சுகுமாரின் அடி பிசகியது. கனகவல்லி பக்கவாட்டில் நகர்ந்து அவனைத் தோளால் இடித்து நிலைப்படுத்தினாள். மூவரும் வெகுளியாகச் சிரித்தார்கள். அதற்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்களே. தலைவர் கைகூப்பியபடி அசைந்தசைந்து வந்தார். அலுவலர்கள் பூவை அள்ளி இறைத்தார்கள்.

பாதிச் சுற்றில் வினிதா நின்றுவிட்டதைப் பரணி பார்த்தான். சிட்லபாக்கத்தில் அவள் வீட்டு பால்கனிக்குக் கீழே எத்தனை ஊர்வலம் போயிருக்கும். அவள் வேகமாக அவன் அருகில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பரணி அண்ணா... இது அறுவடை இல்லல்ல?"

"இல்ல மேடம்."

"தலைவர்கிட்ட இப்போ நான் சொல்லியே ஆகணும். என் வேலை போயிடும்."

பரணியின் குச்சி நிற்கவில்லை. வினிதாவின் கண் அவன் தலைப்பாகைக்குள் போகும் ஒயரைப் பார்த்தது. "லைன்ல இருக்காங்களா?" என்று கேட்டாள். அவன் தலையசைத்தான். அவள் தலைவரைப் பார்த்தாள், மறுபடியும் ஒயரைப் பார்த்தாள். பிறகு மாண்பு நோக்கரின் கையிலிருந்த பூத்தட்டைப் பிடுங்கி, இரண்டு கையாலும் அள்ளித் தலைவர் மேல் போட்டாள்.

சுற்று முடிந்து தலைவர் மேடைப்படியில் கால் வைக்கப் போனார்.

"ஜங்ஷன் சிக்னல்ல நிக்கறோம்," என்றாள் ஜாஸ்மின் காதுக்குள். "வுட மாட்டேன்றாங்க. பஸ்ஸு அடச்சிக்கினு கீது. நிறுத்திடாதீங்க!"

மேடையேறிவிட்டால் உரை தொடங்கிவிடும். பரணி படிக்குக் குறுக்கே போய் நின்று, தலைவரின் முகத்துக்கு நேரே குனிந்து அடித்தான். தலைவர் முகம் சுருங்கியது. அதற்குள் வினிதா அவர் காதில், "சார், நேரலைல வ்யூஸ் ஏறிட்டே இருக்கு. இன்னொரு ரவுண்ட் போலாம் சார்," என்றாள்.

தலைவர் இன்னொரு ரவுண்ட் போனார். மூன்றாவது சுற்றில் மாலை கனத்தது. மைத்துனர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். நான்காவது சுற்றில் போதும் என்று கையை உயர்த்திக் காட்டினார். பார்வையாளர்கள் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். ஏழாவது வரிசையில் ஒரே ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். கேளம்பாக்கத்துக்காரர், அந்த ஊரில் கம்ப்யூட்டர் வேலை. முதல் சுற்றில் அவர் திடுக்கிட்டார். இரண்டாவதில் சுற்றுமுற்றும் பார்த்தார். இப்போது எழுந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் இதுதான் முறைபோலும் என்று எழுந்தார்கள். அப்புறம் முன்வரிசை, பின்வரிசை, மாடி. அரங்கமே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது.

தலைவரின் கண் கலங்கியது. தமக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

"சிக்னல் வுட்டாங்க," என்றாள் ஜாஸ்மின். அடி வேகம் பிடித்தது. பரணிக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் முகத்தில் வழிந்ததை யாரும் கேட்கவில்லை. தலைவரும் வேகமாக நடக்க வேண்டியிருந்தது; அடி அவரை நடத்தியது.

"கல்லறத் தோட்டத்துக்குள்ள வந்துட்டோம்... குழிகிட்ட..." போன் கரகரத்தது. பிறகு தெளிவாக, மெல்ல: "எறக்கறாங்க."

பரணி கடைசி உருட்டை உருட்டி, சட்டென்று நிறுத்தினான். அந்தப் பக்கம் மண் விழும் சத்தம் கேட்டது.

தலைவர் மைத்துனரின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையேறி, ஒலிபெருக்கியைப் பற்றி, வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். "நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேரவையின் வரலாற்றில் அவ்வளவு தெளிவான உரையை யாரும் கேட்டதில்லை.

கலைந்துகொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேளம்பாக்கத்துக்காரர் பரணியிடம் வந்தார். "யாருங்க?" என்று கேட்டார்.

"எங்க மச்சான் சார்."

அவர் பரணியின் வலது கையை எடுத்து, குச்சியோடு சேர்த்துத் தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

பரணி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜாஸ்மின் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே நின்றான்.

"கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு. ஜங்ஷன்கிட்ட கொஞ்சம் வுட்டு வுட்டு கேட்டுச்சு," என்றாள். "பஸ்ஸுல இருந்தவங்கல்லாம் எறங்கி நின்னாங்க. யாரு அடிக்கறதுன்னு கேட்டாங்க. எங்கூட்டுக்காருன்னு சொன்னேன்." பிறகுதான் உடைந்து அழுதாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஊர்வலத்தின் வீடியோவைப் பேரவை எல்லா இடத்துக்கும் அனுப்பியது. 'அறுவடை ஆனந்த நடை' என்று அதற்குப் பெயர் சூட்டி, வினிதாவுக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. ஆண்டு விழா நெருங்கியபோது தலைவர் பரணியை அழைத்துவரச் செய்தார். வினிதா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாம்பரத்தில் விழா. அமைச்சர் வருகிறார். பெல்ஜியத்தில் எனக்கு அடித்தீர்களே, அதையே எனக்கு மறுபடியும் அடிக்க வேண்டும்," என்றார் தலைவர்.

"அது முடியாது சார்," என்றான் பரணி. "அந்த அடிய ஒருத்தருக்கு ஒரு வாட்டிதான் சார் அடிப்போம். உங்களுக்கு அடிச்சு முடிஞ்சுபோச்சு."

தலைவர் நெகிழ்ந்துபோனார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் தரப்படும் கௌரவம் என்று இதையும் உரையில் சேர்க்கும்படி வினிதாவிடம் சொன்னார். ஆனாலும் ஆசை விடவில்லை. "மறுபடி வாய்ப்பே இல்லையா தம்பி? உங்களை நான் எப்போது அழைக்கலாம்?" என்று கேட்டார்.

"நீங்க கூப்பிட வேணாம் சார்," என்றான் பரணி. "சேதி வந்தா நாங்களே வந்துருவோம்."